செட்டைக்குள் இருந்தவை

கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர் விட்டுப்போன தகரக் கொட்டிலுக்குள் ஒரு பிளேன் செய்துகொண்டிருந்தார்கள். நம்பாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஒழுங்கையில் குடியிருந்த சனங்களே நம்பவில்லை. அலுமாரி செய்கிறார்கள் என்றார்கள், சவப்பெட்டி என்றார்கள், ஒரு கிளாக்கர் ஐயா மாத்திரம் கள்ளச் சாராயம்தான் என்று அடித்துச் சொன்னார். அவரை அப்படிச் சொல்லவைத்தது வாடை. பிளேனின் துணிக்குப் பூசுகிற டோப்பு என்ற வார்னிஷ் அழுகின வாழைப்பழம் மாதிரி மணக்கும். கடற்காற்று அடிக்கிறபோது அந்த மணம் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் மூக்குவரைக்கும் போகும்.

செய்வித்தவர் எஞ்சினியர் இராஜநாயகம். யாழ்ப்பாணத்து மனிதர். யுத்த காலம் முழுக்க இங்கிலாந்தில் பிளேன் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, அங்கே சிநேகமான ஒரு வெள்ளைக்காரப் பைலட்டையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். வன்னிக் காட்டிலும் மட்டக்களப்புப் பக்கத்திலும் யுத்தத்துக்காக மரம் வெட்டி அவசரமாய்ப் போட்ட ஓடுபாதைகள் அப்போது சும்மா கிடந்தன. மாடு மேய்ந்தது. அந்த மாட்டை விரட்டிவிட்டுப் புல்லில் இறங்கவும், புல்லிலிருந்தே எழும்பவும், ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு ஏற்றவும் தக்கதாய் ஒரு சின்னப் பிளேன் வேண்டும் என்பது அவருடைய ஒரே பேச்சு. மாரி வந்தால் முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் புறப்படுகிற பெண்கள் பாதி வழியில் செத்துப்போகிறார்கள் என்பார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகப்போகிறான் என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த வருடம் அது. போகிறவன் போகட்டும், பிளேன் நிற்கவேண்டும் என்று இராஜநாயகம் ஓடித்திரிந்தார்.

பிளேனின் செட்டைக்கு, அதாவது இறக்கைக்கு, எலும்பு மரம். எலும்பின் மேல் லினன் துணி. துணியை எலும்போடு சேர்த்துத் தைக்கவேண்டும். செட்டையைக் கதவு மாதிரி நிமிர்த்தி வைத்து, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நிற்பார்கள். இவள் நீள ஊசியைக் குத்தி அனுப்ப, அவள் இழுத்து, மெழுகு பூசின நூலை இறுக்கித் திருப்பி அனுப்புவாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கதை மட்டும் துணிக்குள்ளால் வரும். இந்தப் பக்கம் கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸ். அந்தப் பக்கம் மருதானையிலிருந்து வருகிற நஸீறா. நஸீறாவுக்குக் கையும் கெட்டி, வாயும் கெட்டி.

"கொன்ஸ்ரன்ஸ் அக்கா, ஒங்கட மாப்புள இன்டக்கிப் புட்டுத் திண்டாரா?"

"திண்டவர். ஏன் கேக்கிறீர்?"

"எங்கட மனிசனுக்கு விடியக்காலத்தால ஒரே கோபம். புட்டு கல்லு மாதிரி ஈக்குதாம். நான் செல்லிட்டன், பிளேன் தைக்கிற கை, எல்லாம் இறுகித்தான் வரும் எண்டு."

கொன்ஸ்ரன்ஸின் புருசன் ஹியூபேட்டுக்கு அந்தக் கொட்டிலில் பெரிய மரியாதை. கொழும்பில் தச்சரைப் பாஸ் என்பார்கள், இவன் ஹியூபேட் பாஸ். துறைமுகத்தில் சரக்குப் படகு செய்யும் பட்டறையில் வளர்ந்தவன். செட்டையைத் துணியால் மூடுவதற்கு முன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே ஒவ்வொரு மூலையாகப் பார்த்து, "சரி" என்று அவன் சொல்லவேண்டும். எஞ்சினியர் ஐயா அந்தச் "சரி"க்குப் பிறகு மறுபடி பார்ப்பதில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு தண்ணீரில் இறங்கும் முன்பு, தச்சர் வீட்டுப் பெண் ஒருத்தி அதற்குள் எங்காவது ஓர் அந்தோனியார் மெடலை ஒளித்து வைப்பாள். யாருக்கும் சொல்லமாட்டாள். சொன்னால் பலிக்காது. இடது செட்டையின் கடைசி எலும்பைத் தைத்துக்கொண்டிருந்த அன்று, ஹியூபேட் தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்தபோது, கொன்ஸ்ரன்ஸ் அதைச் செய்தாள். மெடலை எலும்போடு சேர்த்து நூலால் சுற்றினாள். வாசலில் அவன் செருமுகிற சத்தம் கேட்டது. அவசரமாய்த் துணியை இழுத்து மூடிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், அவளுக்கு நல்ல நித்திரை.

திங்கட்கிழமை செட்டைகள் லொறியில் ஏறி இரத்மலானை விமான நிலையத்துக்குப் போயின. அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் பிடித்த மழை விடவில்லை. அவர்களுடைய வீட்டுக் கூரை ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு, கொன்ஸ்ரன்ஸ் சோறும் சூடைமீன் குழம்பும் போட்டாள். மகள் பேர்ணடெற் தகப்பனின் மடியில் ஏறி இருந்தாள்.

"இண்டைக்கு ஒரு ஸ்க்ரூட்ரைவரைக் காணேல்ல," என்றான் ஹியூபேட். "எஞ்சினியர் ஐயா ஒருத்தரையும் சாப்பிட விடேல்ல. தேடித் தேடிக் கடைசியில பார்த்தா, டோப்புப் பூசுற முத்துலிங்கத்தின்ர சாரத்து மடிக்குள்ள இருக்கு."

"ஒரு ஸ்க்ரூட்ரைவருக்கு இவ்வளவு பாடோ?"

"உனக்கு விளங்காது கொன்ஸி. செட்டைக்குள்ள கம்பி ஓடுது. கம்பி கப்பியில சுத்துது. பைலட் துரை கைபிடியைத் திருப்பினா, செட்டையின்ர பின்னோரத்தில இருக்கிற தட்டு ஏறி இறங்கும். அதாலதான் பிளேன் சரியிறதும் நிமிர்றதும். கப்பிக்குள்ள ஒரு சதக்காசு போய் இறுகினாலும் போதும். சரிஞ்சது சரிஞ்சபடிதான்."

"சரிஞ்சா?"

"விழும். வேற என்ன? சம்பலைக் கொஞ்சம் போடு."

கொன்ஸ்ரன்ஸ் கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். அவள் காதில் அதற்குப் பிறகு மழைதான் கேட்டது. அவனோ உற்சாகமாய்ப் பேசிக்கொண்டே போனான்.

"வெள்ளிக்கிழமை நானும் ஏறுறன். பின்னுக்கு மணல் மூட்டை அடுக்கிப் பாரத்தோட எழும்பிப் பார்க்கப்போகினம். மூட்டை நகருதோ எண்டு பார்க்க ஒரு ஆள் வேணும். அடுத்த திங்கட்கிழமை கவர்மெண்ட் கொமிற்றி வருது. அவங்கள் பார்த்து ஓம் எண்டாத்தான் இன்னும் நாலு பிளேன் செய்யலாம். இல்லையெண்டா கொட்டிலைப் பூட்டவேண்டியதுதான்."

"நீங்கதான் ஏறவேணுமோ? வேற ஆக்கள் இல்லையோ?"

"படகு செய்தவனே ஏறாட்டி வேற ஆர் ஏறுவான்?"

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"நான் செய்த சாமானில எனக்கென்ன பயம்?" என்று சிரித்து, மீனில் முள் எடுத்து மகளுக்குத் தீத்தினான்.

முடிச்சுப் போட்டேனா? அன்று தொடங்கி அவளுக்கு இதே நினைப்பு. நூலைச் சுற்றினது ஞாபகம் இருந்தது. அவன் செருமினது ஞாபகம் இருந்தது. நடுவில் விரல்கள் என்ன செய்தன என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. அரிசி களையும்போது விரல்களை அசைத்துப் பார்த்தாள். பேர்ணடெற்றுக்குப் பின்னல் பின்னும்போது பாதியில் நிறுத்தி, நூல் இல்லாத ஊசியால் தைப்பதுபோல் கையைக் கொண்டுபோனாள். "அம்மா, இழுக்காதேங்கோ," என்று பிள்ளை அழுதது.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் வழக்கம்போலச் சனம். மெழுகுதிரிச் சூட்டில் நெருக்குண்டு போய் அவரிடம் முறையிட்டாள். தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். வைத்த இடம் நன்றாய்த் தெரிந்த பொருளுக்கு என்ன செய்வாரென்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டால் துணியைப் பிரிக்கவேண்டும், டோப்புப் பூசின முழு வேலையும் பாழ், கொமிற்றி வருகிற நாளில் பிளேன் தோலுரித்துக் கிடக்கும். ஹியூபேட்டின் "சரி"க்கு என்ன மதிப்பு என்று ஐயா கேட்பார். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவன் அதில் ஏறுவான். வரும்போது புறக்கோட்டைச் சந்தியில் ஒரு கைவண்டிக்காரன் "மக அரின்ட!" என்று கத்தியும் அவள் வழி விடவில்லை.

புதன்கிழமை இரத்மலானைக் கொட்டகையில் நஸீறாவோடு ஆசனத்துக்குக் கன்வஸ் தைத்துக்கொண்டிருந்தாள். வெளியே எஞ்சினைப் போட்டுப் பிளேனை நின்ற இடத்திலேயே உலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காது. அதனால்தான் நஸீறாவின் காதோடு வாய் வைத்து மெடல் விசயத்தைச் சொன்னாள்.

நஸீறா கேட்டுவிட்டு எட்டி வெளியே நின்ற பிளேனைப் பார்த்தாள். 

"ஒருத்தருக்கும் செல்லாதீங்க அக்கா," என்றாள் பிறகு. "ஒண்டும் ஆகாது. செட்டையப் பிரிச்சா எல்லாரும் ஊட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"அவர் ஏறுறார் நஸீறா."

"அல்லா காப்பாத்துவான். நீங்க வெச்சதும் சாமி சாமான்தானே. அது கெடுதி செய்யுமா?"

"கப்பிக்கு சாமி தெரியுமோ?"

நஸீறா ஊசியை விரலில் குத்திக்கொண்டு, "ச்சீ," என்று விரலைச் சூப்பினாள். 

வியாழக்கிழமை விடியவே கொன்ஸ்ரன்ஸ் நேரே எஞ்சினியர் ஐயாவிடம் போனாள். அவர் செட்டைக்குக் கீழே நின்றார். ஹியூபேட் ஏணியில் நின்று ஏதோ இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா, செட்டைக்குள்ள நான் ஒரு சாமான் வைச்சுத் தைச்சுப்போட்டன்."

"என்ன சாமான்?"

"அந்தோனியார் மெடல் ஐயா."

"கொன்ஸி, என்ன கதைக்கிறாய்!" என்று ஏணியில் இருந்து சத்தம் வந்தது.

இராஜநாயகம் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். "கட்டி வைச்சீரோ, சும்மா போட்டீரோ?"

"நூல் சுத்தினனான். முடிச்சுப் போட்டனோ எண்டுதான் தெரியாது. அதாலதான் ஐயா எனக்கு நித்திரை இல்ல. அவர் ஏறப்போறார்."

அவர் ஏசவில்லை. கத்தியை வாங்கி, அவள் காட்டின இடத்தில் துணியைத் தானே கீறினார். டோர்ச் அடித்துப் பார்த்தார். விரலால் பிடித்து இழுத்தார். மறுபடி இழுத்தார். கடைசியில் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது.

"நாலு முடிச்சு," என்றார். "என்ர பிளேனில இதைப்போல இறுக்கமா வேற ஒண்டும் இல்லைப்போல கிடக்கு. இந்த ஓட்டையை ஒரு நாளில ஒட்டுப்போடலாம். போம், போய் வேலையைப் பாரும்."

 கொன்ஸ்ரன்ஸ் வெட்கமும் சந்தோசமும் ஒன்றாய் வந்து அழுதாள். அந்த அளவில் முடிந்திருக்கும். ஆனால் பின்னால் நஸீறா முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்து நின்றாள்.

"ஐயா, மத்தச் செட்டையிலயும் ஒண்டு ஈக்குது. தாயத்து. எங்கட உம்மா லெப்பைக்கிட்ட ஓதி வாங்கித் தந்தது."

இராஜநாயகம் அவளைப் பார்த்தபடி நிற்க, டோப்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு முத்துலிங்கம் தலையைச் சொறிந்தான்.

"வாலுப் பக்கம் கொஞ்சம் திருநீறு இருக்குங்க தொரை. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலு. பொட்டலமாத்தான் வச்சேன், சிந்தாது."

எஞ்சினியர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் செய்தது பிளேனோ, தேரோ?" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பைலட் துரை என்ன விசயமென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் சிரித்தார். சிரிக்காதவன் ஹியூபேட் ஒருவன்தான். அவன் ஏணியை விட்டு இறங்கவே இல்லை.

சிரித்து முடிந்ததும் இராஜநாயகத்தின் முகம் மாறியது. "எல்லாத்தையும் பிரியுங்கோ," என்றார். "முழுக்க. இன்னும் என்ன கிடக்கோ ஆருக்குத் தெரியும்?"

"ஐயா, அடிப்பக்கம் தேவையில்ல," என்றான் ஹியூபேட். "அது நான் பார்த்தது."

"பிரி பாஸ்."

மத்தியானம் வரைக்கும் பிரித்தார்கள். கிழமைக்கணக்காய்த் தைத்த துணி கந்தலாய்ச் சிமெந்துத் தரையில் கிடந்தது. இடது செட்டை உடம்போடு சேருகிற அடியில் கப்பி இருந்தது. அதற்குள் எஞ்சினியர் கையை விட்டார். முகத்தைச் சுளித்தார். மெதுவாய், ஒரு மணி ஒரு மணியாய், ஒரு செபமாலையை வெளியே எடுத்தார். கப்பியைச் சுற்றி ஒரு சுற்று. ஒரு மணி ஏற்கெனவே நசுங்கியிருந்தது. மேலே, எலும்பில் ஒரு சின்ன ஆணி. அதில் கொழுவியிருந்த மாலை எஞ்சின் உலுக்கின உலுக்கில் கழன்று விழுந்திருக்கிறது.

பைலட் துரை கைபிடியைத் திருப்பிப் பார்த்தார். இப்போது தட்டு ஏறி இறங்கியது. நாளைக்கு இது ஏறாமலே நின்றிருக்கும் என்பதை எல்லாரும் விளங்கிக்கொண்டார்கள். 

"இது ஆருடையது?" என்றார் இராஜநாயகம்.

கொன்ஸ்ரன்ஸ் கண்டவுடனே அறிந்தாள். கறுத்த மரமணி. கலியாணம் முடித்த நாள்தொட்டு அது ஹியூபேட்டின் தலையணைக்குக் கீழே கிடப்பது; காணாமல் போனதை அவள் கவனித்திருக்கவில்லை. பேர்ணடெற் பல் முளைக்கிற காலத்தில் கடித்த தழும்புகூடச் சிலுவையில் இருந்தது. டோர்ச்சோடு கடைசியாய் அந்த மூலைக்குப் போகிறவன் ஒருத்தன். சரி சொல்கிறவன் ஒருத்தன். அவனென்று தெரிந்தால் இங்கே மாத்திரமல்ல, துறைமுகத்திலும் அவன் சொல்லை எடுக்க ஆள் இராது.

"என்னுடையது ஐயா," என்றாள்.

ஹியூபேட்டைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். 

"மெடலும் நீர், செபமாலையும் நீரோ? மெடலை மாத்திரம் சொல்லிப்போட்டு இதை ஏன் மறைச்சனீர்? உம்முடைய புருசனையே கொல்லப் பார்த்தனீர்!" இராஜநாயகம் நசுங்கின மணியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "போம். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம். பாஸ், இவவைக் கொண்டுபோய் விடு."

கோட்டைக்குப் போகிற ரெயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டி. கடல் தண்டவாளத்துக்குக் கிட்டவந்து அடித்தது. யன்னலால் தூவானம். தெகிவளை போனது, வெள்ளவத்தை போனது. கொள்ளுப்பிட்டியில் ரெயில் நின்றபோதுதான் வாய் திறந்தான்.

"பயமாயிருந்தது கொன்ஸி."

அவள் கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

"மரம் எண்டா எனக்குத் தெரியும். தண்ணி எண்டாத் தெரியும். படகு கவிழ்ந்தா நீந்தலாம். மேல பிடிக்க ஒண்டுமில்ல. உனக்குச் சொன்னா நீ விட்டிருக்கமாட்டாய்."

"விட்டிருக்கமாட்டன்தான்." அவளுக்கு அப்போதுதான் கோபம் வந்தது, அதுவும் எல்லாரும் நினைக்கிற காரணத்துக்கல்ல. "ஆணியிலயோ கொழுவினீங்க? நான் முடிச்சுப் போட்டனோ எண்டு நாலு நாளாச் செத்துப் பிழைச்சன். நீங்க சும்மா கொழுவிப்போட்டு வந்து சம்பல் கேட்டனீங்க!"

முன் ஆசனத்தில் இருந்த ஒரு மனிசி திரும்பிப் பார்த்தாள்.  கோட்டை ஸ்டேசனில் இறங்கினதும் அவன் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மேம்பாலத்தில் ஏறி மற்றப் பக்கத்து மேடைக்கு, திரும்பிப் போகிற ரெயிலுக்குப் போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். பருப்பைக் கருகவிட்டாள். பேர்ணடெற் அப்பா எங்கே, அப்பா எங்கே என்று காலைச் சுற்றினாள். கோயில் மணி அடித்து, செபம் சொல்லி, விளக்குக் கொளுத்தின பிறகு அவன் நனைந்துகொண்டு வந்தான். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"சொல்லிப்போட்டன்."

"ஐயா என்ன சொன்னவர்?"

"ஏசேல்ல. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன். என்ர டோர்ச்சை வாங்கி மேசையில வைச்சார். உன்னை நாளைக்கு வரட்டாம். இன்னும் ஆக்களைச் சேர்த்து, இராப்பகலா, முழுசையும் சனிக்கிழமைக்குள்ள தைச்சு முடிக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை பறக்கினமாம், திங்கள் கொமிற்றி. நாலு முடிச்சுப் போடுற கை வேணுமாம்."

"நீங்க?"

"என்னை வரவேண்டாமாம்."

திங்கட்கிழமையிலிருந்து அவள் மன்றாடினது இவ்வளவுதான். இவன் அதில் ஏறக்கூடாது. இனி ஏறமாட்டான். முதலில் அவளுக்கு வந்தது சந்தோசம், அதை மறைத்து என்ன? நெஞ்சில் கிடந்த பாரம் கழன்று விழுந்தது. பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். துவாயை எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையைத் துடைக்காமல் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"நான் போகேல்ல," என்றாள். "உங்களை வேண்டாமெண்ட இடத்துக்கு நான் ஏன்? அவங்கள் வேற ஆளைப் பிடிக்கட்டும்."

"பிடிச்சிட்டாங்கள்," என்றான் அவன். "என்ர இடத்துக்கு முத்துலிங்கம் ஏறுறான். கேட்டவுடனே ஓம் எண்டுட்டான். அவனுக்கு மூண்டு பிள்ளை."

கொன்ஸ்ரன்ஸ் அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையை இறக்கினாள். தட்டில் சோறு போட்டாள். கருகின பருப்பில் நல்லதாய்ப் பார்த்து மேலால் எடுத்து ஊற்றினாள். அவன் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காலமை முதல் ரெயில் எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.